அக்கா உட்கார்ந்தால் சீட் அழுக்காகுமா?

எங்கள் வீட்டுக்குப் போன தீபாவளிக்கு முன்பு ஒரு புதுக் கார் வந்தது. மகன் வாங்கியது. வெளியே கறுப்பு, உள்ளே க்ரீம் கலர் தோல் சீட். "அப்பா, லெதர் சீட். நீங்க தோல்லயே வாழ்ந்தவரு. தொட்டுப் பாத்து சொல்லுங்க" என்று கதவைத் திறந்துவிட்டான். தொட்டுப் பார்த்தேன். உட்காரும் இடமும் சாயும் இடமும் நல்ல தோல். பக்கவாட்டும் பின்புறமும் ரெக்சின். அதைச் சொல்லி அவன் சந்தோஷத்தைக் குறைக்க வேண்டாம் என்று "நல்லாருக்குடா" என்று மட்டும் சொன்னேன். பூசணிக்காய் சுற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, குரோம்பேட்டையை ஒரு சுற்று சுற்றி வந்தோம்.

அன்று சாயங்காலமே சட்டதிட்டங்கள் ஆரம்பித்துவிட்டன. காருக்குள் யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது. பேத்தி ஸ்கூல் ஷூவோடு காலைத் தூக்கி வைக்கக் கூடாது. மருமகள் ஹேண்ட்பேக்கை சீட்டில் வைக்கக் கூடாது. நனைந்த குடை உள்ளே வரக் கூடாது. எனக்கென்று தனியாக ஒரு சட்டம்: சட்டைப் பையில் பேனா இருந்தால் ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பென்ஷன் வாங்குகிற வயதில் தலையாட்டுவது ஒன்றும் புதிதல்ல, உங்களுக்கும் தெரியும்.

என்னை எழுத வைத்தது இந்தச் சட்டங்கள் அல்ல. தை மாதத்தில் நடந்த ஒரு கல்யாணம்.

ஆற்காட்டில் இருக்கும் என் அக்காவுக்கு 78 வயது. கல்யாணம் காஞ்சிபுரத்தில், நெருங்கிய உறவு. மாமாவுக்கு முழங்கால் வலி, அவர் வரவில்லை. அக்கா மட்டும் இரண்டு நாள் முன்னதாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எல்லோரும் ஒரே காரில் போய், கல்யாணம் முடிந்ததும் அவளை ஆற்காட்டில் விட்டுவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். விடியற்காலையில் குளித்து, மஞ்சள் பூசி, தலையில் எண்ணெய் தடவி வாரி முடிந்து, பட்டுப்புடவையும் கைப்பையுமாக எங்களுக்கு முன்பே வாசலில் தயாராக நின்றாள்.

மகன் டிக்கியிலிருந்து ஒரு பழைய போர்வையை எடுத்து அவள் உட்காரும் இடத்தில் விரித்தான். தலை சாய்க்கும் இடத்தில் முந்தின நாள் பேப்பரை மடித்துச் செருகினான். "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. க்ரீம் கலரு. எண்ணெய் பட்டா கறை போகாது, அதான்" என்றான். குரலில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அக்காவும் "அதுக்கென்னப்பா" என்று சிரித்துக்கொண்டே ஏறினாள்.

காஞ்சிபுரம் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் அக்கா சாயவே இல்லை. முன் சீட்டின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு விளிம்பிலேயே உட்கார்ந்து வந்தாள். "சாஞ்சுக்கோயேன்க்கா" என்றேன். "இருக்கட்டும்டா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். முகூர்த்தம் முடிந்து, சாப்பாடும் ஆயிற்று. "நான் இங்கேர்ந்தே வேலூர் பஸ்ல ஏறி ஆற்காட்டுல இறங்கிக்கறேன். உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்" என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் அவள் செய்த முதல் காரியம், தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டதுதான்.

அரசு பஸ் சீட் அவளைச் சாயவிட்டது. தம்பி மகனின் கார் சீட் விடவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை காரைத் திறந்து பார்த்தேன். அக்கா உட்கார்ந்த இடத்தில் ஒரு கறையும் இல்லை. பேப்பர் செருகிய இடத்தில் அச்சு மை சாம்பல் நிறத்தில் லேசாக ஒட்டியிருந்தது. டிரைவர் சீட்டில், ஏறி இறங்கும் பக்கத்து மேட்டில், ஒரு சாண் அகலத்துக்கு நீலம் படர்ந்திருந்தது. அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. என் மகன் வாரத்தில் ஆறு நாளும் ஜீன்ஸ் போடுகிறவன்.

இனி கொஞ்சம் தொழில் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் டேனரிகளில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவன். எங்கள் ஊரில் தோல் ஷாப்பு என்பார்கள். பெரும்பாலும் ஃபினிஷிங் பிரிவு. ஷூவுக்குப் போகும் தோல்தான் அதிகம். கடைசிச் சில ஆண்டுகள் சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் போகும் தோலும் செய்தோம். ஓய்வுக்குப் பின் வந்து சேர்ந்த ஊரும் அப்படியே அமைந்தது. ஒரு குரோம் தோல் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு இந்தப் பெயரே வந்தது.

கார் சீட் தோலைப் பற்றி எல்லோரும் மனதில் வைத்திருக்கும் படம் தவறு. உடம்புத் தோல் போல அது எதைப் பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். அப்படி உறிஞ்சும் தோல் உண்டு. சாயம் மட்டும் ஏற்றி, மேலே ஒன்றும் பூசாமல் விடுவார்கள். விலை உயர்ந்த சோபாக்களில் அதைப் பார்க்கலாம். ஆனால் இன்று வரும் கார்களில் மிகப் பெரும்பாலானவற்றின் சீட் அப்படியல்ல. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனமுள்ள தோலின் மேல், நிறமி கலந்த பூச்சு ஸ்ப்ரே செய்து, அது காய்ந்ததும் அதன்மேல் நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு ஒன்று கொடுப்போம். எல்லாப் பூச்சும் சேர்ந்தாலும் தலைமுடிப் பருமன்தான் இருக்கும். நீங்கள் தொடுவதும், உங்கள் மேல் உரசுவதும், அழுக்காவதும் அந்தப் பூச்சுதான். அடியில் இருக்கும் தோலை யாரும் தொடுவதே இல்லை. க்ரீம் கலரும் அந்தப் பூச்சின் நிறம்தான்.

அந்தப் பூச்சு சும்மா வெளியே போவதில்லை. சீட் தோல் எங்களிடமிருந்து கிளம்புவதற்கு முன் அது படும் பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மடக்கி மடக்கி விரிக்கும் மெஷினில் பல்லாயிரம் தடவை மடங்க வேண்டும். வெயிலுக்குப் பதிலாக விளக்கொளியில் நாள் கணக்கில் கிடக்க வேண்டும். கம்பளித் துண்டால் உலர்ந்த நிலையில் தேய்ப்பார்கள், நனைத்துத் தேய்ப்பார்கள், பிறகு வியர்வையால் தேய்ப்பார்கள். ஆம், வியர்வையேதான். உப்பும் வேறு சில சரக்குகளும் கலந்து செயற்கையாக வியர்வை தயாரித்து, அதில் நனைத்துத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்போம். தேறாவிட்டால் அந்த லாட் திரும்பி வந்துவிடும். மனிதன் உட்காருவான், வியர்ப்பான், நெளிவான், பிள்ளை குதிக்கும் என்று தெரிந்துதான் அந்தத் தோலைச் செய்கிறோம். யாரும் சாயக் கூடாது என்று ஒரு கார் சீட்டைச் செய்ய எங்களிடம் ஒருவரும் ஆர்டர் கொடுத்ததில்லை.

அப்படியானால் வெளிர்நிற சீட் கெட்டுப்போவது எதனால்?

முதல் காரணம் ஜீன்ஸ். அந்த நீலச் சாயம் நூலின் உள்ளே முழுக்க இறங்காமல் மேலோட்டமாகவே ஒட்டி நிற்கும். அதனால்தான் ஜீன்ஸ் போடப் போட வெளுக்கிறது. உரசலும் ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்த நீலம் சீட்டுக்கு மாறும். கறுப்பு சீட்டிலும் மாறத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டாவது தூசி. நம் ஊர்ப் புழுதியில் மணல் கலந்திருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்து எழுந்தால் உப்புத்தாளால் தேய்ப்பது மாதிரி. மூன்றாவது வெயில். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும். பூச்சும் தோலும் காய்ந்து இறுகும். நான்காவது, வாரக்கணக்கில் துடைக்காமல் விட்ட எண்ணெயும் வியர்வையும். அது பூச்சை மெதுவாக இளக்கிப் பிசுபிசுப்பாக்கும். ஸ்டியரிங் சக்கரம் நாளடைவில் ஒட்டுவதும் இதனால்தான்.

"பார்த்தீர்களா, எண்ணெய் கெடுக்கும் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். தினமும் அதே தலை அதே இடத்தில் சாய்ந்து, ஆறு மாதம் யாரும் துடைக்காவிட்டால் கெடுக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை ஏறும் ஒரு கிழவியின் தலை எண்ணெயை ஈரத்துணியால் ஒரு நிமிஷத்தில் துடைத்துவிடலாம். அந்த ஒரு நிமிஷத்துக்கு சோம்பல்பட்டு, அவளை இரண்டு மணி நேரம் முதுகு நிமிர்த்தி உட்கார வைத்தோம். என் கோபம் இதுதான்.

தலை எண்ணெய் நம் பாட்டிமார் மட்டும் செய்யும் குற்றமும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் துரைமார்கள் மகாசர் எண்ணெய் என்று ஒன்றைத் தலையில் பூசிக்கொண்டு திரிந்தார்கள். அவர்கள் சாய்ந்த நாற்காலியெல்லாம் கறை. அதற்காகச் சாய்மானத்தில் சின்னத் துணி போடும் வழக்கம் வந்தது. அந்தத் துணிக்கு அந்த எண்ணெயை வைத்தே 'ஆன்டிமகாசர்' என்று பெயர். துணியை எல்லோருக்கும் பொதுவாக, நிரந்தரமாகப் போட்டார்கள். எண்ணெய்த் தலை வரும்போது மட்டும் ஓடிப்போய் எடுத்து வரவில்லை.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். கலெக்டர் ஜீப், என்ஜினியர் அம்பாஸடர், எல்லாவற்றிலும் வெள்ளை டர்க்கி டவல் விரித்திருக்கும். அலுவலகத்தில் பெரிய அதிகாரியின் நாற்காலி முதுகிலும் அதே டவல். அந்த டவல் வருவதற்காகவே பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆக, துணி விரிப்பதில் தப்பே இல்லை. எப்போது, யாருக்காக விரிக்கிறோம் என்பதில்தான் மரியாதையும் அவமானமும் இருக்கிறது. அதிகாரி வருமுன் விரித்தால் அது வரவேற்பு. அக்கா வாசலில் நிற்கும்போது டிக்கியைத் திறந்து பழைய போர்வையை எடுத்தால், "நீ அழுக்கு" என்று அவள் காதுபட சொன்ன மாதிரி. வாயால் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் பிரயோஜனமில்லை.

இந்தப் பயத்தை மகன் எங்கே கற்றான் என்று விசாரித்தேன். கார் டெலிவரி எடுத்த அன்றே ஆரம்பமாகியிருக்கிறது. "லைட் கலர் சார், மெயின்டெய்ன் பண்றது ரொம்ப கஷ்டம்" என்று சொல்லி, சீட்டுக்கு ஏதோ 'ட்ரீட்மென்ட்' என்று 6,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். விற்கும் வரை அந்தச் சீட் ராஜபோகம். பில் போட்ட மறு நிமிஷம் அது நோயாளி. பூசியது என்னவென்று பார்த்தேன். பளபளவென்று இருந்தது. கைக்குட்டையால் தேய்த்தால் வழுவழுவென்று கையோடு வந்தது. அந்தப் பளபளப்பில்தான் தூசி நன்றாக ஒட்டும்.

இதை ஒரு பாடமாகவே சொல்கிறேன். கார் சீட் தோல் கம்பெனியிலிருந்து வரும்போதே மங்கலாகத்தான் வரும். ஃபினிஷிங்கில் மெனக்கெட்டு மங்க வைப்போம். நாள்பட அது பளபளத்தால், அழுக்கும் எண்ணெயும் படிந்து வழவழப்பாகிவிட்டது என்று அர்த்தம். சுத்தம் செய்தால் பளபளப்பு போய் மறுபடி மங்க வேண்டும். பளபளப்பை விற்பவர் உங்களுக்கு அழுக்கை விற்கிறார்.

அடுத்தது சீட் கவர் வியாபாரம். தோல் சீட்டுக்கென்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கி, அது கெடாமல் இருக்க அதன்மேல் ரெக்சின் கவர் தைத்துப் போடுகிறார்கள். கடைசியில் தோலில் உட்காருவது யார்? அந்தக் கவர்தான். உட்கார்ந்து அனுபவிக்கும் பாக்கியம் காரை இரண்டாம் கையாக வாங்கப் போகிறவனுக்கு. போதாததற்குப் பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கண்ட கவரையும் இறுக்கித் தைத்தால் ஆபத்து நேரத்தில் அது விரிய முடியாது. சீட்டைக் காப்பாற்றப் போய் ஆளை விட்டுவிடுவோம்.

புதுக் காரின் பாலிதீன் உறையைக் கிழிக்காமலே மாதக்கணக்கில் ஓட்டும் பக்தர்களும் இருக்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் உறைக்கு அடியில் ஈரம் தங்கி, பூஞ்சை பிடிப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. முதல் நாளே கிழித்துப் போடுங்கள்.

வீட்டு வைத்தியம் இன்னொரு கொடுமை. தேங்காய் எண்ணெய் தடவு, வாழைப்பழத் தோலால் தேய், பற்பசை போடு, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடை என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. தேங்காய் எண்ணெய் பூச்சைத் தாண்டி உள்ளே போகாது. மேலேயே நின்று தூசி பிடிக்கும், சிக்கு வாடை அடிக்கும். பற்பசை உப்புத்தாள் வேலை செய்யும். நகப்பூச்சுத் திரவம் பூச்சையே கரைத்துவிடும். கறையோடு நிறமும் போகும். கொரோனா நாளில் சானிடைசர் போட்டுத் துடைத்துத் துடைத்து சீட்டைத் திட்டுத் திட்டாக்கிய வீடுகள் எத்தனையோ. துணி சோப்பும் வேண்டாம். பதனிட்ட தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது. சவுக்காரம் அதற்கு நேர் எதிர். தையல் வழியாக உள்ளே போனால் நல்லதல்ல. அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு தோலைப் பற்றி வாட்ஸ்அப்பைக் கேட்கிறோம்.

செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம்.

முதலில் மெத்தென்ற பிரஷ்ஷாலோ வாக்குவம் கிளீனராலோ தூசியை எடுங்கள், முக்கியமாகத் தையல் இடுக்குகளில். தூசி இருக்கும்போது ஈரத்துணி போட்டால் சேறாகிவிடும். பிறகு மெல்லிய பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பாதி வாரங்களில் இதுவே போதும். மாதம் ஒரு தடவை, காரமில்லாத மென்மையான ஷாம்பூ இரண்டு சொட்டு நீரில் கலந்து நுரையாக்கி, நுரையைத் துணியில் எடுத்துத் தலை படும் இடம், கை படும் இடம், ஏறி இறங்கும் மேடு மூன்றையும் அழுத்தாமல் துடைத்து, தண்ணீர்த் துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். சீட்டில் காற்றுப் போகும் சிறு துளைகள் இருந்தால் நேரடியாக எதையும் தெளிக்க வேண்டாம். கதவைத் திறந்து நிழலில் காயவிடுங்கள்.

புது ஜீன்ஸை இரண்டு மூன்று தடவை துவைத்த பிறகு போட்டுக்கொண்டு ஏறச் சொல்லுங்கள். நீலம் ஒட்டினால் அந்த வாரமே துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். மாதக்கணக்கில் விட்டால் பூச்சுக்குள் இறங்கிவிடும். பிறகு தேய்த்துப் பயனில்லை. தொழில் தெரிந்தவரிடம் கொடுத்து அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி நிறம் பூச வேண்டும். பால்பாயின்ட் பேனா கோடு பட்டாலும் ஸ்பிரிட் போட்டுத் தேய்க்காதீர்கள். கோடு குளமாகும். மஞ்சள் பட்டால் பதற வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு விடுங்கள். மிச்ச மஞ்சள் வெளிச்சத்தில் தானே மங்கும். நம் வீட்டுப் பெண்களுக்கு இது வேட்டித் துணியிலேயே தெரியும். வெயிலில் நிறுத்தினால் முன்கண்ணாடிக்கு உள்ளே ஒரு தட்டி வையுங்கள். அவ்வளவுதான். 6,500 ரூபாய் எங்கும் செலவாகவில்லை.

ரெக்சின் சீட்டுக்கும் இதே பத்து நிமிஷம் போதும். பல கார்களில் 'லெதர்' என்று வாயால் சொல்லி, காகிதத்தில் வேறு பெயர் போட்டிருப்பார்கள். படித்துப் பாருங்கள்.

"இவ்வளவு தொல்லை எதற்கு, கறுப்பே வாங்கியிருக்கலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். நான் மகன் பக்கம் நிற்கும் இடம் இது. நம் வெயிலுக்கு வெளிர்நிறம்தான் புத்திசாலித்தனம். கறுப்பு சீட் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். சித்திரை மாத மத்தியானத்தில் கறுப்பு சீட்டில் உட்கார்ந்து துள்ளி எழுந்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, கறுப்பிலும் அழுக்கு இதே அளவு சேரும். தெரியாததால் துடைக்க மாட்டோம். க்ரீம் கலர் உள்ளதைக் காட்டிக்கொடுக்கிறது. அதைக் குறையாகச் சொல்லக் கூடாது.

இவ்வளவு கோபம் ஒரு போர்வைக்கா என்று தோன்றலாம். அதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

டேனரியில் சேர்ந்த புதிதில் நான் ஈரப் பகுதியில் இருந்தேன். சுண்ணாம்பு, பச்சைத் தோல், டிரம்மிலிருந்து நீலமாக வந்து விழும் குரோம் தோல். ஷிஃப்ட் முடிந்து கார்பாலிக் சோப்புப் போட்டு எவ்வளவு குளித்தாலும் வாடை போகாது. சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்புவார். அடுத்த ஸ்டாப்பில் எழுந்து முன்னால் போய் நின்றுகொள்வார். பஸ் நிரம்பி வழியும்போதும் என் பக்கத்து சீட் காலியாக வரும். கொஞ்ச நாளில் நானே உட்காருவதை விட்டுவிட்டேன். கடைசிப் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டு வருவேன். கேட்டால், "காத்து நல்லா வருது" என்பேன். அக்கா அன்று "நல்லாத்தான் இருக்கு" என்றாளே, அதே குரல். யாரும் என்னை எழுந்திரு என்று சொன்னதில்லை. அக்காவையும் யாரும் சாயாதே என்று சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்கிறோம்.

எல்லோரும் உட்கார்ந்து சாய்வதற்கான தோலைச் செய்தவர்களை ஒரு பஸ் சீட்டில் நிம்மதியாக உட்காரவிடவில்லை இந்த ஊர். இன்று என் வீட்டுக் காரிலேயே, நான் பிழைத்த அதே தோலின் பெயரால், என்னைத் தூக்கி வளர்த்தவளை ஓரத்தில் உட்கார வைத்தோம். இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

அந்தத் தோலுக்கு விலை கொடுத்தது நாங்கள் மட்டுமல்ல. பாலாற்றங்கரைக் கிணறுகளும் நிலங்களும் கொடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தொழிலில் சம்பளம் வாங்கிய நான் என் பங்கை மறைக்கப் போவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், தோல் சீட்டைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடும் ஓர் ஆறும் பல பேர் கையும் அதில் இருக்கின்றன. ஐந்து வருஷத்தில் வெடிக்கவிட்டு வீசுவது பாவம். பதினைந்து வருஷம் உழைக்கட்டும். ஆனால் உழைப்பதென்றால், ஆள் உட்கார்ந்து உழைக்க வேண்டும்.

என் பழைய நண்பர் ஒருவர் ப்ராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து டியூபோடு வீடு திரும்பினார். வீட்டில் இரண்டு கார் இருந்தும் வாடகை டாக்ஸியில்தான் கூட்டி வந்தார்கள். "சீட் கெட்டுடும்னு பசங்க பயப்படுறாங்க, நியாயம்தானே" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். டாக்ஸிக்காரர் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு, அதன்மேல் துண்டை விரித்து, தோளைப் பிடித்து உட்கார வைத்தாராம். அவர் பிழைப்பே அந்தச் சீட்தான். அவர் பயப்படவில்லை. இதைப் படிக்கும் நம்மில் பலருக்கு அந்த நாள் வரப் போகிறது. இப்போதே பிள்ளைகளிடம் பேசி வைப்பது நல்லது.

"உங்களுக்கென்ன, மாசாமாசம் இ.எம்.ஐ. கட்டுவது உங்கள் மகன்தானே" என்று பின்னூட்டத்தில் யாராவது எழுதுவீர்கள். உண்மைதான். அந்தப் பணத்தின் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் அவனைத் திட்டவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளியும் இரண்டு துணியுமாக அவனையும் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினேன். பேப்பர் மை வந்துவிட்டது. ஜீன்ஸ் நீலம் முக்கால்வாசி போய்விட்டது, கொஞ்சம் நிற்கிறது. நிற்கட்டும். அந்தக் கால்வாசி நீலத்தைக் காட்டி, "இது அத்தை பண்ணதா?" என்று மட்டும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தான்.

இப்போது எங்கள் காரில் நான்கு சீட்டின் தலைப்பக்கத்திலும் சின்ன வெள்ளைத் துண்டு போட்டிருக்கிறோம். மருமகள் ஏற்பாடு. அவன் சாயும் சீட்டிலும் உண்டு. வாரம் ஒரு தடவை துவைக்கிறாள். பேனா சட்டம் மட்டும் இன்னும் அமலில் இருக்கிறது. அதில் நியாயம் இருப்பதால் நான் முறையீடு செய்யவில்லை.

அடுத்த மாதம் அக்காவுக்குக் கண் ஆபரேஷன், சென்னையில். மகன் தானே போன் போட்டு, "அத்தை, நான் வந்து கூட்டிட்டு வரேன். முன்னாடி சீட்ல உக்காருங்க" என்றான். "எதுக்குப்பா, பஸ்ஸே நல்லாத்தான் இருக்கு" என்றாளாம். போனை நான் வாங்கினேன். "அக்கா, தலையில நல்லா எண்ணெய் வச்சிக்கிட்டு வா" என்றேன்.

"பாக்கலாம்" என்றாள்.